பெருங்காய டப்பாவிலும் கோதுமை

1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ஜெர்மானியப் படை உணவு வரத்தை அடைத்துவிட்டது. ரொட்டி கிடைக்காமல் ஜனங்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட அவித்துத் தின்றார்கள். ஹேக் நகரில் வில்லெம் டிக்கே என்றொரு குழந்தை மருத்துவர். கோதுமை மீது அவருக்கு முன்பே ஒரு சந்தேகம். ஓயாத வயிற்றுப்போக்கில் மெலிந்து கிடந்த சீலியாக் நோய்க் குழந்தைகள், ஊரே பட்டினி கிடந்தபோது தேறினார்கள்! ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் தன் ஆய்வேட்டில் கோதுமையின் குற்றத்தை அவர் நிறுவினார்.

கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், இந்த நோயாளிகளின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உறிஞ்சிகளைத் தாக்கி மழுங்கடித்துவிடும். அப்புறம் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கி என்ன பயன்? குடல் உறிஞ்சினால்தானே! குளூட்டனை அடியோடு விட்டால் குடல் மெல்ல ஆறும். மாத்திரையும் வேலை செய்யும்.

இட்லி சாம்பார்தானே, பயமில்லை என்று இருந்துவிட முடியாது. கடைப் பெருங்காய டப்பாவின் லேபிளைப் படியுங்கள். பலவற்றில் மைதா அல்லது கோதுமை மாவு கலந்திருக்கும். ரவையும் கோதுமைதான்.

சந்தேகம் வந்ததும் நீங்களாகச் சப்பாத்தியை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போனால், நோய் இருந்தும் இல்லையென்று வரலாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.