மருதையாற்று ரயிலுக்கு ஓர் அறை

பெரம்பலூர் நகரத்துல ரயில் நிலையம் கிடையாது. நமக்குப் பக்கத்துல அரியலூர்தான். அங்கே ரயில் ஏறும்போது 1956 நவம்பர் 23 யாருக்காவது ஞாபகம் வருதா? மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த ராஜினாமாவை நாடே பேசுது. இறந்தவங்களைப் பற்றி நம்ம பக்கமே பேச்சு குறைவு.

புதைபடிவங்களுக்கு வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கு. திருச்சியில் ரயில்வே அருங்காட்சியகம் 2014-ல் திறந்தாச்சு. அரியலூருக்குப் பழைய ரயில்வே கட்டடத்தில் ஓர் அறை போதுமே! திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

ஆனா மனுவுக்கு முன்னாடி செல்போனை எடுங்க. அன்றைக்குப் பத்து வயசுப் பையன் இன்றைக்கு எண்பதை ஒட்டிய தாத்தா. அவர் சொல்றதைப் பதிவு பண்ணுங்க. தொடக்கத்திலேயே பேரு, ஊரு, தேதி மூணையும் சொல்ல வைங்க.