பத்துக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில்

பாலக்காடு மாவட்டத்தின் சிற்றூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் எருத்தேன்பதி ஊராட்சியில் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் தமிழாகவும் அலுவலகப் பேச்சு மலையாளமாகவும் இருக்கிறது. பெண் கொடுப்பதும் பெண் எடுப்பதும் பொள்ளாச்சி, உடுமலை, கோவைப் பக்கத்து உறவுகளோடு தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. ஆனால் 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வைப் புரட்டினால், இந்த எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இரு வேறு நாடுகளோ என்று நினைக்கும்படியான கணக்கு கிடைக்கிறது. 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் கணவனின் கையால் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ ஒருமுறையேனும் அனுபவித்ததாகச் சொன்னவர்கள் கேரளத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேர்; தமிழ்நாட்டில் 38 பேர். கர்நாடகத்தில் 44, இந்தியா முழுமைக்கும் 29. மகளைச் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தால் அடிவாங்கும் வாய்ப்பு நாலு மடங்காகிவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியுமா என்பதே இங்கு ஆராயத்தக்க கேள்வி.

முதலில் இந்த எண்கள் பிறக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஆய்வுக்காக வீட்டுக்கு வரும் பெண் பணியாளர், அந்த வீட்டிலிருந்து ஒரே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, பிறர் காதில் விழாத தனியிடத்தில் உட்காரவைத்துப் பேசுகிறார். தனிமை கிடைக்காவிட்டால் வன்முறை பற்றிய பகுதியைக் கேட்காமலே விட்டுவிட வேண்டும் என்பது விதி. கேட்கும்போதும் ‘உங்கள் வீட்டில் வன்முறை உண்டா’ என்று பொதுப்படையாகக் கேட்பதில்லை. கணவர் பிடித்துத் தள்ளியதுண்டா, எதையாவது எடுத்து எறிந்ததுண்டா, கன்னத்தில் அறைந்ததுண்டா, கையை முறுக்கியதுண்டா, முடியைப் பிடித்து இழுத்ததுண்டா, உதைத்ததுண்டா, கழுத்தை நெரித்ததுண்டா, சூடு வைத்ததுண்டா என்று செயல் செயலாகக் கேட்கிறார்கள். இந்த முறைக்கு வலுவான காரணம் உண்டு. ‘வன்முறை’ என்ற சொல் செய்தித்தாளின் சொல். வீட்டுக்குள் அதற்கு வேறு பெயர்கள் வழங்குகின்றன. ‘கொஞ்சம் கைநீட்டுவார்’, ‘கோபம் வந்தா கண்ணு தெரியாது’, ‘குடிச்சா மட்டும்தான், மத்தபடி தங்கமான மனுசன்’ என்றெல்லாம் சொல்லப்படும் வாழ்க்கையில், நேரடியாக ‘வன்முறை உண்டா’ என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்ற பதிலே வரும்.

இவ்வளவு கவனமாகக் கேட்டும் பல விடுபட்டிருக்கலாம் என்று எண்ண அதே ஆய்வு இடம் தருகிறது. உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 77 பேர் யாரிடமும் உதவி கேட்டதில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை. உதவி நாடியவர்கள் 14 பேர் மட்டுமே. கேரளத்தின் பத்து விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே இன்னோர் எண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும்: சொல்லாமல் வெளியே போவது, சமையலைக் கெடுப்பது, மாமனார் மாமியாரை மதிக்காதது போன்ற காரணங்களில் ஏதேனும் ஒன்றுக்காகவாவது கணவன் மனைவியை அடிப்பது சரியே என்று அந்த மாநிலத்துப் பெண்களில் 52 விழுக்காட்டினர் கருதியிருக்கிறார்கள். அடி விழுவது குறைவாகவும் அடிக்கலாம் என்ற எண்ணம் பாதிப் பேரிடமும் இருக்கும் ஓர் ஊரில், அடிபட்டவர்களில் சிலரேனும் அதைச் சொல்லத்தக்க குறையாகவே கருதவில்லை என்று எண்ண இடமிருக்கிறது. ஒரே வினாத்தாளைக் கொண்டு எடுத்த கணக்கு என்பதால், இரு மாநிலங்களுக்கும் உள்ள இடைவெளி முழுவதையும் மௌனத்தின் தலையில் கட்டிவிட முடியாது. பெண்கல்வியும் பொதுச் சுகாதாரமும் கேரளத்தில் உண்மையாகவே எதையோ மாற்றியிருக்கின்றன. அந்த மாற்றம் எல்லையோரத் தமிழ் வீடுகளுக்கு எந்த அளவில் வந்து சேர்ந்தது என்பதை மட்டும் இந்த ஆய்விலிருந்து பெற வழியில்லை. வன்முறை பற்றிய பகுதி மாநில அளவில் மட்டுமே கணக்கிடும்படி அமைக்கப்பட்டது. மாவட்டக் கணக்கே கிடையாது என்றால் ஊராட்சிக் கணக்கைப் பற்றிப் பேச்சில்லை. எருத்தேன்பதிப் பெண் கேரளத்தின் பத்தில் கலந்துவிடுகிறாள். பொள்ளாச்சியில் வாழ்க்கைப்பட்ட அவள் தங்கை தமிழ்நாட்டின் முப்பத்தெட்டில் கலந்துவிடுகிறாள்.

சாதி, மதம், வசதி, படிப்பு என்ற பிரிவுகளில் எதுவும் இந்த வன்முறைக்கு விலக்கு அல்ல. பள்ளிக்கே போகாத பெண்களில் 40 விழுக்காட்டினரும், பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்தவர்களில் 18 விழுக்காட்டினரும் வன்முறைக்கு ஆளானதாக ஐந்தாவது ஆய்வு சொல்கிறது. படிப்பு பாதியாகக் குறைக்கிறது. மீதிப் பாதி மிஞ்சுகிறது. 2021 ஜூனில் கொல்லம் மாவட்டத்தில் வரதட்சணைக் கொடுமையால் உயிரை மாய்த்துக்கொண்டவர் ஓர் ஆயுர்வேத மருத்துவ மாணவி. அவருடைய கணவர் அரசு அதிகாரி. சீராகக் கொடுத்தவை நூறு சவரன் நகையும் ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் காரும். 2022 மே மாதத்தில் விசாரணை நீதிமன்றம் கணவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. ஏழை வீட்டுச் சுவர் மெல்லியது, சத்தம் தெருவுக்குக் கேட்கிறது. வசதியான வீட்டுக்குச் சுற்றுச்சுவரும் தோட்டமும் இருப்பதால் கேட்பதில்லை என்பது இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளில் ஒன்று.

குடியைப் பற்றிப் பேசாமல் சிற்றூர் வட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. இந்தத் தென்னந்தோப்புகளில் இறக்கும் கள்தான் கேரளத்தின் பல மாவட்டங்களின் கள்ளுக்கடைகளுக்கு வண்டியேறிப் போகிறது. கேரளம் 1996இல் சாராயத்தைத் தடை செய்தது, கள்ளை விட்டுவைத்தது. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, அரசு மதுக்கடைக்கு அனுமதி. ஆக, எல்லையின் எந்தப் பக்கமும் குடிக்கு வழி இருக்கிறது. அடிக்கடி போதையேறும் கணவனை உடையவர்களில் 70 விழுக்காட்டினர் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள் என்னும் ஆய்வு, குடிக்காத கணவனை உடையவர்களில் 23 விழுக்காட்டினரும் அதைச் சந்தித்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. குடி வன்முறையைப் பெருக்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் போதையில் நிலைதடுமாறுபவர் கள்ளுக்கடையில் பக்கத்தில் இருப்பவரையோ முதலாளியையோ அடிக்காமல், வீடு வந்து சேரும்வரை பொறுத்திருந்து மனைவியை அடிக்கிறார் என்றால், எங்கே அடிக்கலாம் என்ற தெளிவு அந்தப் போதையிலும் கெடாமல் இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

விளைவுகளில் காயமும் எலும்பு முறிவும் கண்ணுக்குத் தெரிபவை. ஆறாத தலைவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, கருச்சிதைவு ஆகியவை மருத்துவமனைச் சீட்டில் வேறு பெயர்களில் பதிவாகின்றன. கூலி வேலைக்குப் போகும் பெண் முகத்து வீக்கம் வடியும்வரை வீட்டில் இருந்துகொள்வதால் இழக்கும் நாட்கூலி எந்தச் சீட்டிலும் பதிவாவதில்லை. பார்த்து வளரும் பிள்ளைகளின் நிலையோ இன்னும் சிக்கலானது: தந்தை தாயை அடிப்பதைக் கண்டு வளர்ந்த பெண்கள் தம் திருமணத்திலும் அதற்கு ஆளாவது மிகுதி என்பதைக் குடும்பநல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

அப்படியானால் எது காக்கிறது? படிப்பையும் வேலையையும் சொல்வது வழக்கம். ஆனால் பொருளியல் அறிஞர்கள் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்நூறு பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சுட்டியது. தம் பெயரில் நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் நீண்டகால உடல் வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். நிலம் மட்டும் உள்ளவர்களில் 18. வீடு மட்டும் உள்ளவர்களில் 10. இரண்டும் உள்ளவர்களில் 7. போக ஓர் இடம் இருக்கும் பெண்ணை அடிக்கக் கை தயங்குகிறது. 2005இல் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் மகன்களுக்கு இணையான உரிமையைக் கொடுத்ததும், அதே ஆண்டில் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நிறைவேறியதும் தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒன்றுக்கொன்று துணை. நடைமுறையில், தமிழ்நாட்டுப் பக்கம் ‘விடுதலைப் பத்திரம்’ என்றும் கேரளப் பக்கம் ‘ஒழிமுறி’ என்றும் வழங்கும், சொத்துப் பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணத்தில் அண்ணன் தம்பிக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள், பிறந்த வீட்டு உறவைக் காப்பதாக நினைத்துத் திரும்பிப் போகும் வாசலையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ‘விடுதலை’ என்ற பெயர் அந்தப் பத்திரத்துக்கு எப்படிப் பொருந்தியதோ!

வீடு யார் பெயரில் என்ற இந்தக் கேள்வி இடுக்கி மலையில் இன்னும் கூர்மையாகிறது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. அங்கே தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைப்பவர்களில் தமிழர் மிகுதி. அவர்கள் வாழும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். ஒரே கூரையின் கீழ், ஒற்றைச் சுவரைப் பொதுவாகக் கொண்டு அடுத்தடுத்து அமைந்த சிறு வீடுகள் அவை. அடுத்த வீட்டில் தட்டு விழுந்தால் இந்த வீட்டில் கேட்கும். லயம் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு, ஓய்வு பெற்றால் காலிசெய்ய வேண்டும். விடியலில் கொழுந்து பறிக்கப் போய் ஆணுக்கு நிகராகச் சம்பாதிக்கும் பெண்ணுக்கும், தன் பெயரில் ஓர் ஓடுகூட இல்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் இருபது விழுக்காடு போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள், ஆண்கள் தலைமையிலான தொழிற்சங்கங்களை விலக்கிவைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். ‘பெண்பிளை ஒருமை’ என்ற பெயரில் அறியப்பட்ட அந்தப் போராட்டம் ஒன்பது நாளில் கோரிக்கையை வென்றது. நிர்வாகத்தையும் சங்கத்தையும் ஒருசேர எதிர்த்து நின்ற பெண்களுக்குங்கூட, லயத்துக்குள் கதவு சாத்திய பிறகு நடப்பதைக் கேள்வி கேட்க அப்படியொரு சாலை கிடைக்கவில்லை. கடலுக்கு அப்பால் இலங்கை மலையகத்தின் லயன் அறைகளிலும் இதே அமைப்பு. அந்நாட்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் 2005ஆம் ஆண்டிலேயே வந்தது. 2019இல் நடந்த தேசிய ஆய்வில் ஐந்தில் ஒரு பெண் துணைவரின் வன்முறையைச் சந்தித்ததாகத் தெரிவித்தார்.

இந்தியச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. குடும்ப வன்முறையை உடல், பாலியல், சொல்லும் மனமும் சார்ந்தது, பொருளாதாரம் என நான்காக அது பிரிக்கிறது. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும், சோற்றுக்கும் மருந்துக்கும் காசு தராததும், நகையை விற்றுவிடுவதும் நான்காம் வகை. ‘பகிர்ந்து வாழ்ந்த இல்லம்’ என்பது அதன் மையமான கருத்து. மனைவியாக வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் அவளை வெளியே தள்ளக் கூடாது. மாமனார் பெயரிலுள்ள வீடானாலும் இது பொருந்தும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தேவைப்பட்டால் கணவனையே வீட்டைவிட்டு வெளியேறச் சொல்ல நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை. இது எந்த மதத்தின் தனிச் சட்டத்தையும் சாராமல் எல்லாப் பெண்களுக்கும் பொதுவானது.

எல்லையோரப் பெண்ணுக்கு இதில் பயன்மிக்கது 27ஆம் பிரிவு. அவள் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ எங்கே தங்கியிருக்கிறாளோ அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனுக் கொடுக்கலாம். அங்கே பிறக்கும் ஆணை இந்தியா முழுவதும் செல்லும். பொள்ளாச்சியில் அடிபட்டுத் தாய்வீடு திரும்பியவள் சிற்றூரிலேயே மனுக் கொடுக்கலாம். கணவன் வீட்டுக் கொடுமை பற்றிய குற்ற வழக்கையும் பெண் தஞ்சம் புகுந்த ஊரிலேயே பதியலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘சம்பவம் நடந்தது அந்த ஸ்டேட், அங்கே போய்ச் சொல்லு’ என்று திருப்பி அனுப்புவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

முறையிடுவதற்கு இடங்களும் இருக்கின்றன. நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1973இல் கோழிக்கோட்டில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னையில் வந்தது. மகளிர் உதவிக்கு 181 என்ற எண் இரு மாநிலங்களிலும் உண்டு. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்னும் மகளிர் திட்டத்தின் அயல்கூட்டங்கள் வார்டு வார்டாக இருக்கின்றன. நிறுவனக் குறை பெரிதில்லை என்றால் மொழிக் குறையைப் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் குடும்ப வன்முறையைக் குறிக்கும் ‘கார்ஹிக பீடனம்’ என்ற மலையாளத் தலைப்பில் இருக்கும் தாளைத் தமிழில் எழுதப்படிக்கக் கற்ற பெண் தன்னுடையது என்று அடையாளம் காண்பது கடினம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் பகுதி அலுவலகங்களோடு தம் மொழியிலேயே எழுத்துத்தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே மனுவைத் தமிழில் எழுதித் தருவது சலுகை கேட்பதாகாது.

குடும்ப வன்முறைச் சட்டப்படி நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலர் நிரப்பும் ‘குடும்ப நிகழ்வு அறிக்கை’ என்னும் படிவமும் குடும்பநல ஆய்வைப் போலவே செயல் செயலாகக் கேட்கிறது. உடலைக் காயப்படுத்துதல் என்று தொடங்கி, ஆண்பிள்ளை பெறவில்லை என்று ஏசுதல், வேலைக்குப் போகவிடாமல் தடுத்தல், வீட்டைவிட்டு வெளியே விடாதிருத்தல், வருமானத்தைப் பிடுங்கிக்கொள்ளுதல், வாடகை கட்டாமல் விடுதல் என்று அந்த வரிசை நீள்கிறது. அதைத் தமிழில் நிதானமாக வாசித்துக் காட்ட ஒருவர் எதிரே இருந்தால், அடியைப் பற்றிப் பேச வந்தவள் பிடுங்கப்பட்ட கூலியைப் பற்றியும் பேசத் தொடங்குகிறாள்.