மூளையிலிருந்து வயிற்றுக்கு வந்த வைத்தியம்

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுக்கிறார் ஒரு அம்மா. கல் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில், மண்ணீரலுக்குப் போகும் தமனியில் ‘அனியூரிசம்’ என்று இருக்கிறது. டயர் கிழிந்த இடத்தில் சைக்கிள் டியூப் பிதுங்கி நிற்குமே, அதுபோல ரத்தக்குழாயின் சுவர் நலிந்த இடத்தில் ஏற்படும் புடைப்பு அது. வயிற்றுத் தமனிகளில் வந்தால் பெரும்பாலும் வலி இருக்காது. வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு இன்று செய்யப்படும் சிகிச்சையில் ஒரு பகுதி, மூளை வைத்தியர்களிடமிருந்து வந்தது. மூளையில் புடைப்பு என்றால், மண்டையோட்டைத் திறந்து அதன் கழுத்தில் கிளிப் போடுவதுதான் வெகுகாலம் வழக்கம். இத்தாலிய மருத்துவர் குயிடோ குலியெல்மி வேறு வழி தேடினார். முயல்களில் சோதனை செய்துகொண்டிருந்தபோது, புடைப்புக்குள் வைத்த மின்முனையின் நுனி தற்செயலாகக் கழன்று உள்ளேயே தங்கிவிட்டது. வேண்டுமென்றே கழற்றி விட்டால் என்ன என்று அவர் யோசித்தார்.

1990-ல் லாஸ் ஏஞ்சலஸில் முதல் நோயாளிக்கு அதைச் செய்தார்கள். தொடை இடுக்கில் ஊசித் துளையிட்டு, மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாகவே மூளைவரை ஏற்றி, தலைமுடியைப் போல் நெகிழும் பிளாட்டினம் கம்பிச்சுருளைப் புடைப்புக்குள் விட்டார்கள். அது உள்ளே போய் நூற்கண்டு போலச் சுருண்டுகொள்ளும். சரியாக உட்காரவில்லையா, வெளியே இழுத்து மறுபடி வைக்கலாம். திருப்தியான பிறகு சின்ன மின்சாரம் செலுத்தினால், சுருளைத் தள்ளுகம்பியோடு இணைத்த இடம் கரைந்து அறுந்துவிடும். மீட்டெடுக்க முடிகிற இந்த வசதிதான் எல்லாவற்றையும் மாற்றியது என்பேன்.

வயிற்றில் அதுவரை அவ்வளவு நுணுக்கம் தேவைப்படவில்லை. மண்ணீரல் தமனியில் புடைப்பா? அதற்கு முன்னும் பின்னும் குழாயையே அடைத்துவிடுவார்கள். இரைப்பை ஓரமாக வரும் சிறு தமனிகள் மண்ணீரலுக்கு ரத்தம் கொடுத்துவிடும். சிறுநீரகத்தில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஒரு கிளையை அடைத்தால், அந்தக் கிளை ஊட்டிய சதை செத்துப்போகும். மூளையிலும் இதே கதைதான். தாய்க்குழாயைக் காப்பாற்றியே தீரவேண்டும். அதனால்தான் மூளையில் பழகிய உத்திகள் சிறுநீரகத் தமனிக்கு வந்தன. புடைப்பின் வாய் அகலமாக இருந்தால், சுருள் நழுவி வராதபடி வாசலில் குட்டி பலூனை ஊதி வைத்துக்கொண்டு சுருளை நிரப்புவது ஒன்று. வாயை ஒட்டி ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்து, அதன் கண்கள் வழியாக நிரப்புவது இன்னொன்று.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது. 48 நுண்கம்பிகளால் பின்னிய வலைக்குழாய் ஒன்றை அமெரிக்க அரசு 2011-ல் மூளைக்காக அனுமதித்தது. புடைப்புக்குள் எதையும் நிரப்ப வேண்டாம். வலை தாய்க்குழாயில் படுத்திருக்கும். ரத்தம் நேரே ஓடும். புடைப்புக்குள் சுழன்ற ரத்தம் தேங்கி, மாதக்கணக்கில் மெல்ல உறைந்து மூடிக்கொள்ளும். பக்கத்தில் பிரியும் கிளைகளுக்கு வலையின் கண்கள் வழியாக ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். தேர்ந்தெடுத்த சிலருக்கு வயிற்றுத் தமனிகளிலும் இதை வைக்கிறார்கள். ஆனால் மூளைக்குச் செய்த அளவுகள் சிறியவை. வயிற்றின் பெரிய குழாய்களுக்கு எல்லாமும் பொருந்தாது.

இன்னொரு சிக்கல், மூச்சு. மண்டையோட்டுக்குள் குழாய்கள் அசையாமல் கிடக்கும். வயிற்றிலோ ஒவ்வொரு மூச்சுக்கும் மண்ணீரலும் சிறுநீரகமும் ஏறி இறங்கும். மேசையில் விழித்தபடி படுத்திருப்பவரிடம், “அம்மா, மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று சொல்லி, அந்தச் சில நொடியில் படம் எடுப்பார்கள்.

எல்லாப் புடைப்புக்கும் உடனே சிகிச்சை வேண்டியதில்லை. மண்ணீரல் தமனியில் தொந்தரவில்லாத சிறிய வீக்கத்தை, 3 சென்டிமீட்டர் எட்டும்வரை பெரும்பாலும் ஸ்கேன் எடுத்துக் கவனித்தே வருகிறார்கள். குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு மட்டும் அந்த அளவு பொருந்தாது. சிறியதானாலும் சிகிச்சை செய்யவே பரிந்துரைக்கிறார்கள். கர்ப்பத்தில், அதிலும் கடைசி மாதங்களில் வெடித்தால் தாய், பிள்ளை இருவரையும் இழக்க நேரிடலாம். சிலருக்கு முதல் கசிவு இரைப்பைக்குப் பின்னாலுள்ள சிறு பையில் தேங்கி, கொஞ்ச நேரம் அடங்கியிருக்கும். அப்போது இடது விலாவுக்குக் கீழே திடீர் வலி வரும், இடது தோளும் வலிக்கலாம், தலை சுற்றும். கர்ப்பிணி ஒருவர் அப்படிச் சொன்னால், வாயுப்பிடிப்பு என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். அந்த நேரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.