கருவாட்டு வியாபாரி, எங்கள் அம்மா
(ஜூபிலி ஆண்டில், மறைந்த மூத்தோர் நினைவுக் கூட்டத்தில் பிள்ளைகள் ஆற்றிய உரை)



 கோயிலில் செபமாலையுடன் அமர்ந்திருந்த முதியவராகவே உங்களில் பலர் எங்கள் அம்மாவை அறிவீர்கள். கிட்டங்கி வைத்துத் தொழில் நடத்தியவர், கடல் கடந்து போய்வந்தவர் என்பது இளையோருக்குத் தெரியாது.

அப்பா முத்தும் சங்கும் குளித்தவர். 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்த பருவங்களில் வீட்டில் காசு புழங்கியது. கடல் கலங்கிவிட்டால் குளிக்க முடியாது, அடுப்பும் எரியாது. அதனால் அப்போதே அம்மா கரையில் சாளையும் நெத்திலியும் ஏலம் எடுத்து, உப்பிட்டுக் காயவைத்து, ஓலைப்பாயில் கட்டி விற்கத் தொடங்கினார். 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றபோது, அந்தக் கருவாடுதான் எங்கள் குடும்பத்தைத் தாங்கியது.

அந்நாளில் தூத்துக்குடிக் கருவாட்டுக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நல்ல கிராக்கி. ஒருமுறை கொழும்பு வியாபாரி ஒருவர், சரக்கு ஈரம் என்று சொல்லிப் பாதிப் பணத்தை நிறுத்திவிட்டார். அம்மா நேரிலேயே புறப்பட்டார். எங்களில் மூத்தவர் அப்போது கைக்குழந்தை, இடுப்பில் அவர். தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். கொழும்பில் கட்டைப் பிரித்துப் பார்த்தார். ஈரம் உண்மைதான். "குறை எங்கள் பக்கம்" என்று ஒப்புக்கொண்டு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு ஊர் திரும்பினார். அதன்பின் ஒரு நாள் வெயில் கூடுதலாகக் காயாத சரக்கு எங்கள் கிட்டங்கியை விட்டு வெளியேறியதில்லை. அதே வியாபாரி பிற்பாடு, கட்டைப் பிரிக்காமலே முழுப் பணத்தையும் அனுப்பினார்.

பிறகு இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோயிற்று. அம்மா முடங்கவில்லை. வால்பாறை, மூணாறு, கோட்டயம் என்று மேற்கே திரும்பினார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர், சந்தையில் நின்றே மலையாளம் கற்றார்.

இவ்வளவுக்கும் நாங்கள் செய்த கைம்மாறு என்ன? சொல்ல நாக் கூசுகிறது. ஒருநாள் அம்மா கிட்டங்கியிலிருந்து நேராகப் பள்ளி வாசலுக்கு வந்தபோது, உடன்படித்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். "இனிப் பள்ளிக்கூடத்துக்கு வராதீங்க அம்மா" என்று வீட்டில் வந்து அழுதோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் எத்தனை வேலை இருந்தாலும், வீட்டுக்கு வந்து குளித்து, வெளுத்த சேலை உடுத்திக்கொண்டுதான் வந்தார். நாங்களோ, பள்ளி விண்ணப்பங்களில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'இல்லம்' என்றே எழுதிவந்தோம். அந்த விண்ணப்பத்தோடு கட்டிய பணத்திலும் கருவாட்டு வாடை இருந்ததை அன்று உணரவில்லை.

முழங்கால் ஓய்ந்தபின் கிட்டங்கியை ஒப்படைத்தார் அம்மா. தராசை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

இம்மலரில் அம்மாவின் படத்தை வெளியிட இசைந்த மலர்க் குழுவினர், பெயருக்குக் கீழே என்ன போடலாம் என்று கேட்டார்கள். 'கருவாட்டு வியாபாரி' என்று போடுங்கள் என்றோம். காலம் கடந்து செய்யும் திருத்தம் இது. அம்மா ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிறோம்.