நோயுற்ற இருதயமும் நடைப் பயிற்சியும்

(யூபிலி ஆண்டில் பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)





மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையை இயேசுவின் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுக்கும் நாம், அவர் நமக்குத் தந்திருக்கும் சதை இருதயத்தைப் பேணுவது பற்றியும் சற்றுச் சிந்திப்போமாக.

நோயாளிகளைச் சந்திக்க வீடு வீடாகச் செல்லும் நாங்கள் அடிக்கடி ஒன்றைக் காண்கிறோம். மாரடைப்பு வந்து பிழைத்தவரையும், இருதயம் பலவீனப்பட்டவரையும் வீட்டார் கட்டிலைவிட்டு இறங்க விடுவதில்லை. "நீங்க அசையாம இருங்கப்பா, எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்கிறார்கள். பாசந்தான். ஆனால் அந்தப் பாசமே அவரை முடக்கிவிடுகிறது.

ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். மாரடைப்பு என்றால் பல வாரப் படுக்கை. 1952இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களான லெவினும் லௌனும் அந்நோயாளிகளைக் கட்டிலிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்கார வைத்துப் பலன் கண்டார்கள். இத்தனைக்கும் 1802இல் வெளிவந்த நூலிலேயே ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நெஞ்சுவலிக்காரர் ஒருவர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறையக் குணமானதை எழுதியிருந்தார்.

2009இல், இருதயம் பலவீனமான 2,331 பேரிடம் அமெரிக்கா, கனடா, பிரான்சு நாடுகளில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு வெளியானது. அளவான பயிற்சியால் அவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. உடல்நலம் ஓரளவு மேம்பட்டது. நம் நாட்டிலும் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் யோகாசனப் பயிற்சியைச் சோதித்து 2020இல் முடிவு வெளியிட்டார்கள். மரணமும் மறு மாரடைப்பும் குறைந்ததாக உறுதிப்படவில்லை. ஆயினும் பயிற்சி பெற்றவர்கள் பழைய வேலைகளுக்குத் திரும்புவது கூடியது.

இதன் காரணம் என்ன? படுத்தே கிடந்தால் கால் தசைகள் நலிந்துவிடும். பிறகு பத்தடி நடந்தாலும் மூச்சு வாங்கும். பழக்கப்பட்ட தசையோ இரத்தத்திலுள்ள பிராணவாயுவை நன்கு பயன்படுத்திக்கொள்ளும். அதே வேலைக்கு இருதயம் குறைவாகத் துடித்தால் போதும். பயிற்சி செய்வதால் மாத்திரையை நிறுத்தலாம் என்று எண்ண வேண்டாம். இரண்டும் வேண்டும்.

"காட்டு வேலை செய்கிறோமே, அது போதாதா?" என்பீர்கள். மூட்டை தூக்குவதும், நிறைகுடத்தோடு மேடு ஏறுவதும் மூச்சை அடக்கி இருதயத்தைத் திடீரென்று வருத்துபவை. பயிற்சி என்பது அளவோடு தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது.

முதலில் மருத்துவரைக் கேளுங்கள். க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது, "நான் எவ்வளவு நடக்கலாம்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர் சம்மதித்தால், சமதரையில் ஐந்து அல்லது பத்து நிமிடம் நடந்து, வாரந்தோறும் சிறிது கூட்டலாம். தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாக நடக்க வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சுக்கே மூச்சு திணறினால் வேகம் அதிகம். சாப்பிட்டவுடனும் உச்சி வெயிலிலும் நடக்க வேண்டாம்.

நெஞ்சுவலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை கண்டால் உடனே நின்று உட்காருங்கள். வலி தணியாவிட்டால் தாமதியாமல் 108ஐ அழையுங்கள். காலில் வீக்கம் கண்டாலோ, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினாலோ, பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள்.

வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை நேர்ந்துகொண்ட இருதய நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. மருத்துவர் அனுமதியின்றிப் புறப்படாதீர்கள். பஸ்ஸில் வந்து மன்றாடும் பிள்ளையையும் மாதா தள்ளிவிட மாட்டாள்.

நோயாளியைத் தனியே அனுப்பாமல் மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ கூட நடங்கள். வீட்டில் ஆளில்லாதவர்களுக்கு அன்பியத்தார் முறைவைத்துத் துணை போகலாம். அதுவும் நோயாளியைச் சந்திக்கும் இரக்கச் செயலே.

பெத்சதா குளத்தருகே 38 ஆண்டு கிடந்தவனுக்கு உதவ ஆளில்லை என்று சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். நம் பங்கில் எவரும் அப்படிச் சொல்ல நேராதிருக்கட்டும். திரு இருதய ஆண்டவர் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.