ஈராண்டுப் பட்டமும் ஆக்கத் திறனும்

புதியன படைக்கும் ஆற்றல் ஒரு நாட்டில் எந்த அளவிற்கு வேரூன்றியுள்ளது என்பதை அறிவது எவ்வாறு? விஞ்ஞானிகளை எண்ணலாம்; ஆராய்ச்சிக்குச் செலவாகும் பொருளை எண்ணலாம்; காப்புரிமைகளை எண்ணலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய அறிவியல் வாரியம், மாநிலங்களை ஒப்பிடுங்கால், இவற்றோடு மற்றொன்றையும் எண்ணியிருக்கிறது. அதுவே, விஞ்ஞானத்திலும் பொறியியலிலும் வழங்கப்படும் ஈராண்டுப் பட்டம். 18 முதல் 24 வயதுக்குட்பட்டோர் ஆயிரவருக்கு இத்தகைய பட்டங்கள் எத்தனை என்பதே கணக்கு.

இப்பட்டத்தை வழங்குவனவற்றுள் பல சமூகக் கல்லூரிகள். 1901-ஆம் ஆண்டில், இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், ஆறே மாணவருடன் இவ்வகைப் பொதுக் கல்லூரி தோன்றிற்று. இவை நாடெங்கும் பெருகவேண்டும் என்று 1947-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த குழு பரிந்துரைத்தது. இக்கல்லூரிகளில் தொழில்நுட்பப் பயிற்சியை வளர்க்க 1992-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

இதனை எண்ணுவானேன்? ஆய்வுக்கூடத்தில் பிறந்த கருத்து தொழிற்சாலைப் பொருளாக மாறும் வழியில் பலர் கை கொடுக்கவேண்டும். கருவியின் அளவைச் சோதித்துத் திருத்துபவரும், மின்னணுச் சில்லு செய்யும் யந்திரத்தைப் பழுதின்றிப் பேணுபவரும், மருந்துத் தொட்டியில் கிருமி புகாமல் காப்பவரும் இல்லையெனில், கண்டுபிடிப்பு ஏட்டளவில் நின்றுவிடும். இவருள் பலர் ஈராண்டுப் படிப்பே படித்தவர்கள்.

ஆயினும், இந்த அளவுகோலுக்கும் குறைகள் உண்டு. பட்டம் வழங்கிய கல்லூரி இருக்கும் மாநிலத்திற்கே எண் சேர்கிறது. பெற்றவர் வேறிடம் சென்று பணிபுரியலாம். இணையவழிக் கல்லூரியொன்று அயல் மாநிலத்தாருக்கு ஏராளமாகப் பட்டம் வழங்கினால், அதன் மாநிலத்தின் எண் வீங்கிவிடும். முப்பது வயதைக் கடந்து பயில்வோர் பலர். அவர்தம் பட்டங்கள் கணக்கில் சேர, அவர்களோ வகுக்கும் தொகையில் இடம்பெறுவதில்லை. பட்டமின்றிச் சான்றிதழ் மட்டும் பெற்ற திறமையாளரோ பட்டக் கணக்கில் எண்ணப்படுவதில்லை. ஆகவே, எண் உயர்ந்த மாநிலமே படைப்பாற்றலிலும் உயர்ந்தது என்று துணிதல் தகாது.

மாணவ நண்பர்களே! ஒரு புள்ளிவிவரத்தைக் காணும்போது, அது எதை எண்ணியது, எதை விட்டுவிட்டது என்று வினவுங்கள். அதனோடு, ஈராண்டுப் படிப்பைத் தாழ்வாக எண்ணும் பழக்கத்தையும் விட்டொழியுங்கள். ஒரு பெருநாடு தன் வருங்கால வலிமையை அளக்க எடுத்துக்கொண்ட பொருள்களுள் அதுவும் ஒன்று அன்றோ?