விட்டுச் செல்லாத வீரர்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தை பேசுமாறு சங்கத்தார் பணித்திருக்கின்றனர். சமயம் வளர்க்க எழுந்த சங்கத்திலே பந்தாட்டப் பேச்சு எதற்கு என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். உடம்பைப் பேணுதலும் அறத்தின்பாற்பட்டதே என்பது எம் முன்னோர் கொள்கை. ஆயினும் இன்று நாம் சொல்லப் புகுவது உடற்பயிற்சியின் சிறப்பையன்று. ஒரு கல்லூரி அணி ஒரே பருவத்தில் வென்ற கதையையும், வென்றபின் அது செய்த காரியத்தையுமே சொல்லப் போகின்றோம்.

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சன் பிரான்சிஸ்கோ நகரிலே யேசு சபைத் துறவிகளின் சர்வகலாசாலை ஒன்று உண்டு. 1951ஆம் ஆண்டில் அதன் உதைபந்தாட்ட அணி பெரும் புகழ் பெற்றது. அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று சொல்வது நாம் ஆடும் ஆட்டமன்று. அவர்கள் பந்து முட்டை வடிவானது. காலால் உதைப்பது சிறுபான்மை. கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே பெரும்பான்மை. பக்கத்துக்குப் பதினொருவர். நான்கு முயற்சிக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். இயலாவிடின் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தை ஏந்தி ஓடுபவனின் பெயரே பத்திரிகையில் வரும். ஆனால் முன் வரிசையில் நிற்பவர்கள் தோள் கொடுத்து எதிரிகளைத் தடுத்து வழி திறக்காவிடின், எத்துணை வேகமுள்ளவனும் நாலடி நகரான். ஒருவன் ஓட்டம் பலருடைய உழைப்பு என்பதை இந்த ஆட்டம் கண்முன்னே காட்டுகின்றது.

அவ்வணியின் பயிற்றுநர் ஜோ குகாரிச் என்பவர். பந்தை ஏந்தி ஓடுவதில் வல்லவர் ஒல்லி மற்சன்; அவர் பிறந்தது ரெக்சாஸ் மாநிலத்தில். எதிரணியைத் தடுப்பதில் வல்லவர் பேர்ள் ரோலர். அவர் ரென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரத்தவர். இவ்விருவரும் கறுப்பினத்தவர். முன் வரிசையில் நின்ற வெள்ளையருள் ஜீனோ மார்க்கெற்றி இரண்டாம் உலகப் போரிற் களம் கண்டவர். பொப் செயின்ற் கிளயர் ஆறடி ஒன்பது அங்குல உயரமுள்ளவர்.

அந்தப் பருவத்தில் அவர்கள் ஆடியவை ஒன்பது ஆட்டங்கள், ஒன்பதிலும் வெற்றி. நாட்டின் மறு கரைக்குச் சென்று நியூயோர்க்கில் போடம் அணியை 32க்கு 26 என வென்றார்கள். பசிபிக் கல்லூரியை 47க்கு 14 என வென்றார்கள். இறுதி ஆட்டத்தில் லொயோலா அணியை 20க்கு 2 என வென்றார்கள். மற்சன் அவ்வாண்டில் 1,566 யார் ஓடி நாட்டிலேயே முதல்வரானார்.

அங்கே பருவம் முடிந்ததும், சிறந்த அணிகளைப் புதுவருட காலத்துப் பெரும் ஆட்டங்களுக்கு அழைப்பது வழக்கம். புகழும் பொருளும் அதனால் வரும். அவற்றுட் பல தென் மாநிலங்களிலே நடந்தன. அங்கே அக்காலத்திற் பள்ளிக்கூடம் வேறு, பேருந்தில் ஆசனம் வேறு, உணவுச்சாலை வேறு. பாடசாலைகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என உயர் நீதிமன்றம் தீர்த்தது 1954இலேதான். மயாமி நகரத்து 'ஒறேஞ் போல்' ஆட்டத்துக்கு வரலாம், ஆனால் கறுப்பின வீரர் இருவரையும் விட்டுவிட்டு வரவேண்டும் என்ற செய்தி தமக்குக் கிட்டியதாக அணியினர் பிற்காலத்தில் எடுத்துரைத்தனர். வெள்ளை வீரர்கள் நீண்ட விவாதம் நடத்தவில்லை. இருவரையும் விட்டுப் போவதில்லை என்று மறுத்துவிட்டார்கள்.

இந்த மறுப்பின் விலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வேறெந்தப் பெரும் ஆட்டத்துக்கும் அவர்களை அழைத்தாரில்லை. சர்வகலாசாலைக்கோ உதைபந்தாட்டத்தால் நட்டமே மிஞ்சியது. அந்தப் பருவத்தோடு பெரும் போட்டிகளில் ஈடுபடுவதை அது நிறுத்திக்கொண்டது. ஒன்பதும் வென்ற அணி, மறு ஆண்டில் அணியாகவே இல்லை.

ஆனால் ஆட்கள் அழிந்தாரில்லை. மற்சன் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓடி, 400 மீற்றரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் பெற்றார். அவரும் மார்க்கெற்றியும் செயின்ற் கிளயரும் தொழில்முறை உதைபந்தாட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். ரோலர் முழங்காற் காயத்தால் ஆட்டத்தை இழந்தார். பின்பு ஆசிரியராகி, பாடசாலை அதிபராகவும் பணியாற்றினார். 1965இல் தேசிய உதைபந்தாட்டச் சங்கத்தின் முதலாவது கறுப்பின மத்தியஸ்தராகி, 25 பருவம் அப்பணி புரிந்தார். ஒரு காலத்தில் மைதானத்துள் வரவேண்டாம் என்று தடுக்கப்பட்டவர், பின்பு அதே ஆட்டத்தில் நீதி சொல்பவரானார்.

அன்பர்களே! இந்தச் செயல் எமக்குப் புதியதன்று. திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருச்சாத்தமங்கையில் திருநீலநக்க நாயனார் மனையிலே தங்கிய வரலாற்றைப் பெரியபுராணத்திற் படித்திருக்கின்றோம். இரவானதும் பிள்ளையார், தம்முடன் வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் அவர்தம் துணைவியாருக்கும் தங்க இடங் கொடுக்குமாறு கேட்டருளினார். பாணர் குலத்தை உலகம் தாழ்த்தி வைத்திருந்த காலம் அது. வேதியராகிய நீலநக்கர் வீட்டின் நடுவிலே, வேள்வி வேதியின் பக்கத்திலேயே இடங் கொடுத்தார். வேதித் தீ அணையவில்லை. வலமாகச் சுழித்து முன்னிலும் ஓங்கி எரிந்தது. தமக்குக் கிடைத்த உபசாரத்தைத் தம்முடன் வந்தாருக்கும் கேட்டுப் பெற்றார் பிள்ளையார். வாயில் திறந்தபடியால் அங்கே எல்லாரும் உள்ளே சென்றனர். மயாமியில் வாயில் திறவாதபடியால் எல்லாரும் வெளியிலே நின்றனர். இரண்டிலும் அறம் ஒன்றே.

பெரியபுராணத்தைப் போற்றும் எமது நாட்டிலும் 1957இல் சமூகக் குறைபாடுகளை ஒழிக்கச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதன் பின்னரும், 1968இல், ஆலயக் கதவு எல்லாருக்கும் திறக்க வேண்டுமென்று யாழ்ப்பாணத்தில் அறப்போர் நடந்தது. ஆகவே எமது இளைஞர் அமெரிக்கரின் குறையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போதல் பொருந்தாது. சங்கத்து அணிக்கு ஆள் தெரியும்போதும், அன்னதானப் பந்தியில் இலை போடும்போதும், தேர் வடத்தில் கை வைக்கும்போதும், எம்முடன் வந்தவன் எவனாவது வெளியே நிற்கின்றானா என்று திரும்பிப் பார்த்தல் எமது கடமை. நிற்பானாயின், உள்ளே கிடைக்கும் மரியாதை எமக்கும் வேண்டாம் என்று சொல்லும் துணிவு வேண்டும். இளைஞர் அங்ஙனம் சொல்லும்போது, பெரியோர் அவர்களைக் கண்டியாது ஆசீர்வதித்தல் வேண்டும்.

வெற்றிக் கிண்ணங்கள் பல எமது சங்கத்துக்கு வரட்டும். அவற்றை ஏந்தும் கைகளுள் ஒன்றேனும் விடுபடாதிருக்க, எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் பாலிப்பானாக.